எப்போதும் மாட்டியிருக்கும் ஜூம் லென்ஸ்: வாங்கி, இழந்து, மீண்டும் வாங்கிய அனுபவம்

கேமராவில் எப்போதும் மாட்டியே இருக்கக்கூடிய, வீட்டு விசேஷம் முதல் கோயில் மண்டபம் வரை எல்லாவற்றுக்கும் கைகொடுக்கக்கூடிய ஒரே ஒரு ஜூம் லென்ஸைத் தேடி நான் அலைந்த அலைச்சலும், அதில் கரைந்துபோன 12,000 ரூபாய்க்கு மேற்பட்ட பணமும் என்னோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலூரில் இதைப் பற்றி உட்கார்ந்து பொறுமையாகப் பேச எனக்கு யாரும் கிடைக்கவில்லை. ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் முகூர்த்த நாட்களில் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். காணொளிகளில் பேசுகிறவர்களோ பெரும்பாலும் லட்சத்தைத் தொடும் புது லென்ஸ்களைப் பற்றிப் பேசுவார்கள். இருபதாயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே தடவைதான் வாங்க முடியும் என்ற நிலையில் நிற்கும் ஒருவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், சில படங்களும் மிஞ்சியிருக்கும்.

நான் பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கோயில்களையும், நடுகற்களையும், ஊர்த் திருவிழாக்களையும் படமெடுத்துச் சேர்த்து வைப்பது என் வழக்கம். உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் நான்தான் கேமராவோடு போவேன். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. இதன் சென்சார், அதாவது படத்தைப் பதியும் தகடு, பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆகவே லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை (எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவு நெருங்கும்) ஒன்றரையால் பெருக்கினால்தான், அந்தப் பிலிம் அளவுச் சென்சார் கொண்ட முழுச் சட்டக் கேமராவோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய கோணம் கிடைக்கும். 18 மி.மீ. என்பது 27 ஆகவும், 55 என்பது ஏறக்குறைய 82 ஆகவும் ஆகிவிடுகிறது. கேனான் சிறு சென்சார் கேமராக்களில் இந்தப் பெருக்கம் 1.6. இந்தக் கணக்கு மனத்தில் இல்லாமல் பிறர் சொல்லும் லென்ஸ் எண்களைக் கேட்டால் குழப்பமே மிஞ்சும். முழுச் சட்டக் கேமரா வைத்திருக்கும் ஒருவர் 24-70 லென்ஸை ஆகச் சிறந்தது என்று சொன்னால் அது அவருக்கு உண்மை. அதையே என் கேமராவில் மாட்டினால் அகலமான முனை 36 ஆகச் சுருங்கி, சிறிய கருவறை முன்மண்டபத்தில் பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முதுகு இடிக்கும்.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸைப் பற்றி நான் குறைவாக எதுவும் சொல்ல மாட்டேன். எடை குறைவு, பகல் வெளிச்சத்தில் தெளிவு, கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி என எல்லாம் அதில் உண்டு. கற்றுக்கொள்ளும் காலம் முழுவதும் அதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம். என்னுடையது பழுதானதற்குக் காரணம் மண். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறகு ஊர் ஊராகக் காளை விடும் விழா நடக்கும். தெருவின் இரு பக்கமும் கட்டிய தடுப்புகளுக்கு நடுவே காளைகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வரும்போது எழும் செம்மண் புழுதி, நீண்டு சுருங்கும் லென்ஸ் குழாயின் இடுக்கு வழியே உள்ளே போய்விடும். அப்படியொரு விழாவுக்குப் பிறகு ஜூம் வளையம் 35க்கு அருகில் கரகரவென்று சிக்கத் தொடங்கியது. பிரித்துச் சுத்தம் செய்யச் சொன்ன கூலி, அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையை நெருங்கியது. அப்போதுதான், எப்படியும் செலவழிக்கப் போகிறோம், அதற்குச் சற்று மேலான ஒன்றாகவே வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: 18-200 வாங்குங்கள், பிறகு வேறு லென்ஸே வேண்டாம். அந்தப் பேச்சில் ஓர் இயல்பான கவர்ச்சி இருக்கிறது. மண்டபமும் அதில் அடங்கும், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பமும் அதில் அடங்கும், புழுதியில் லென்ஸை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. சென்னையில் பழைய கேமராப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், பார்வைக்குக் கீறல் இல்லாத ஒரு 18-200 லென்ஸை 21,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, "ஏதாவது பிரச்சனைன்னா எடுத்துட்டு வாங்க சார், நாங்க இங்கதான் இருப்போம்" என்றார். அந்தச் சீட்டில் லென்ஸின் வரிசை எண் இல்லை, திருப்பித் தருவதற்கான கால வரம்பும் இல்லை. பழைய பொருள் வாங்குகிற எவரும் இந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வரிசை எண் இல்லாத சீட்டு, நாளைக்கு நீங்கள் எடுத்துப் போகும் லென்ஸ் அவர் விற்றதுதான் என்பதற்குக்கூடச் சான்றாகாது.

முதலில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கத் தேவையில்லை. கோட்டை அகழியின் இந்தக் கரையில் நின்றபடியே எதிர் மதிலின் மேல் உட்கார்ந்திருக்கும் கிளிகளை எடுக்க முடிந்தது. குறை தெரியத் தொடங்கியது சித்ரா பௌர்ணமியை ஒட்டி வேலூரில் நடக்கும் பூப்பல்லக்கு இரவில்தான். விளக்கு அலங்காரத்தோடு பல்லக்கு வரும்போது கண்ணுக்கு வெளிச்சம் நிறைய இருப்பது போலத் தோன்றும். கேமராவுக்கு அது போதாது. இந்த வகை லென்ஸ்களின் அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, அகலமான முனையில் எஃப் 3.5இல் தொடங்கினாலும் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்), ஜூம் செய்யச் செய்ய எஃப் 5ஐத் தாண்டி, கடைசியில் எஃப் 5.6 அல்லது 6.3இல் நின்றுவிடும். எஃப் 2.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் கால் பங்குதான் எஃப் 5.6இல் கிடைக்கும். அன்று கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வைத்தும் எனக்குக் கிடைத்த ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு, எஃப் 2.8 லென்ஸ் இருந்திருந்தால் அதே இடத்தில் நூற்றிருபதில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். நடந்து வருகிற மனிதர்களின் முகம் அசையாமல் பதிவதற்கும் குழம்பிப் போவதற்கும் உள்ள இடைவெளி அதுதான். லென்ஸில் கைநடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது நம் கையின் அசைவைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் அசைவதை அது எதுவும் செய்யாது. அதனால் அன்றைய படங்களில் பல்லக்கின் சட்டங்கள் கூர்மையாகவும், கூட நடந்து வந்தவர்கள் நிழல் போலவும் பதிந்திருந்தார்கள்.

இருட்டுக் குறையை லென்ஸின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளலாம். அடுத்து நான் கண்டது அப்படிப்பட்டதில்லை. என் தம்பி மகளின் காதணி விழாவில் குடும்பம் முழுவதையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்த படங்களை அச்சுக்குக் கொடுக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் நின்ற மாமாவின் சட்டைப் பையில் இருந்த பேனாகூடத் தெரிகிறது. வலக்கோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆயாவின் முகம் மட்டும் பாலில் கரைந்தது போல இருக்கிறது. எல்லாப் படங்களிலும் அதே வலப்பக்கம், அதே மங்கல். ஆயா வெளியூர்ப் பயணம் செய்து ஒரு விசேஷத்துக்கு வருவதே அரிது. அந்தப் படங்களைப் பார்த்த இரவில் எனக்கு வந்த கோபமும் அழுகையும் பணத்துக்காக வந்தவை அல்ல.

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் ஏதேனும் ஒன்று கீழே விழுந்த அதிர்ச்சியாலோ, தயாரிப்பின்போதே பொருத்திய விதத்தாலோ மையத்திலிருந்து சற்று விலகியிருந்தால், படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் லென்ஸில் ஒரு குறையும் தெரியாது. இதைச் சோதிக்கச் சிறந்த பொருள், விவரங்கள் நிறைந்த ஒரு தட்டையான சுவர். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் அந்த உயர்ந்த மதிலையே நான் பயன்படுத்தினேன். முக்காலியில் கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து, அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து, ஜூமின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களிலும் படமெடுத்து, நான்கு மூலைகளையும் முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமரா சுவருக்குச் சரியான இணையாக இல்லையோ என்ற ஐயம் எழும். அதற்கும் எளிய வழி உண்டு: கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே படத்தை மீண்டும் எடுக்க வேண்டும். மங்கல் சுவரின் பழைய இடத்திலேயே நின்றால் நாம் நின்ற கோணம் சரியில்லை. மங்கல் லென்ஸோடு சேர்ந்து சுவரின் மறுபக்கத்துக்கு மாறினால் குறை லென்ஸில் இருக்கிறது. என் லென்ஸில் அது மாறியது.

படங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "சார், இந்த ரேஞ்ச் லென்ஸெல்லாம் ஓரத்துல அப்படித்தான் இருக்கும், நீங்க நடுவுல ஆளை வச்சு எடுங்க" என்று பதில் வந்தது. ஓரங்கள் நான்கும் ஒரே அளவுக்கு மென்மையாக இருப்பது வேறு, ஒரு பக்கம் மட்டும் கெட்டிருப்பது வேறு என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. லென்ஸைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்தபோது, வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இந்த லென்ஸ் இந்திய விநியோகம் வழியாக வந்ததில்லை என்றார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கையோடு கொண்டுவந்து விற்ற பொருளாக இருக்கலாம். பரிசோதனைக் கட்டணம் 800 ரூபாய். பழுதுபார்க்க உதிரிபாகம் வரவழைக்க வேண்டும், எவ்வளவு நாளாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் சொன்ன மதிப்பீடு லென்ஸ் விலையில் பாதியைத் தொட்டது. காட்பாடிக்கும் சென்னைக்கும் ரயிலில் போய் வந்து சலித்த பிறகு, குறையை மறைக்காமல் சொல்லி, பகலில் காணொளி மட்டும் எடுக்கும் ஒருவருக்கு 9,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பயணச் செலவைச் சேர்க்காமல், பரிசோதனைக் கட்டணத்தோடு நேரடி இழப்பு 12,300 ரூபாய்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் லென்ஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மீண்டும் தொடங்கியபோது யாரையும் கேட்காமல் என் பழைய படங்களைக் கேட்டேன். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எத்தனை மி.மீ.யில், எந்த அப்பெர்ச்சரில், எந்த ஷட்டர் வேகத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிந்திருக்கும். கணினியில் படத்தின் பண்புகளைத் திறந்தாலே அது தெரியும். லைட்ரூம் போன்ற மென்பொருள் இருந்தால் முழுத் தொகுப்பையும் மி.மீ. வாரியாகப் பிரித்துக் காட்டும். அழித்துவிட்ட படங்களையும் வெறும் சோதனைப் படங்களையும் விட்டுவிட்டு, நான் விரும்பி வைத்திருக்கும் படங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பகுதி 18இலேயே எடுக்கப்பட்டவை. அடுத்த பெரிய கூட்டம் 24க்கும் 60க்கும் நடுவில். 100ஐத் தாண்டியவை இரண்டே வகை: கோபுரத்துச் சுதைச் சிற்பங்களும், காளை விடும் விழாவும். இவை இரண்டுக்கும் நான் முன்கூட்டியே தயாராகித்தான் போகிறேன். அன்றாடம் மாட்டியிருக்கும் லென்ஸ் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெளிவானதுமே 200 என்ற எண்ணின் மேல் இருந்த ஆசை விட்டுப்போனது. ஏற்கெனவே படமெடுத்துப் பழகிய எவரும், கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் கையைப் பிடித்துச் சொல்வேன். உங்கள் கணக்கு என் கணக்கைப் போல இருக்காது. ஏலகிரியில் பறவை எடுக்கிறவருக்கு 200கூடப் போதாது. குழந்தைகளை வீட்டுக்குள் எடுக்கிறவருக்கு 50க்கு மேல் தேவையே வராது.

18இல் அத்தனை படங்கள் குவிந்திருந்ததற்கு இன்னொரு பொருளும் உண்டு: அவற்றில் பலவற்றுக்கு 18உம் போதாமல், அதற்கு மேல் அகலம் கிடைக்காமல் நான் நின்றிருக்கிறேன். லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் பெரிய எண்ணையே பார்க்கிறார்கள். சிறிய எண்ணில் ஒன்றிரண்டு மி.மீ. குறைவதன் மதிப்பு அதைவிடப் பெரிது. இந்த அளவுச் சென்சாரில் 18 மி.மீ. ஏறக்குறைய 76 பாகைக் கோணத்தைக் காட்டும்; 16 மி.மீ. 83 பாகையைக் காட்டும். தொலைவு முனையில் 135க்கும் 140க்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், குதிரை வீரர்களும் யாளிகளும் செதுக்கிய விஜயநகரக் காலத் தூண்களுக்கு முன் நிற்கும்போது, அந்த ஏழு பாகை ஒரு தூணைச் சட்டத்துக்குள் சேர்த்துக் கொடுக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் போட்டால் கல்லின் குழிவுகள் எல்லாம் தட்டையாகிவிடும். ஆகவே அகலமான முனையில் நல்ல வெளிச்சத்தை வாங்கும் லென்ஸ்தான் எனக்கு வேண்டும் என்று முடிவானது.

அப்போது நான் எடைபோட்டுப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். நிக்கான் 18-140, 490 கிராம் எடையில், பகல் பயணத்துக்கு அருமையான லென்ஸ். ஒரே லென்ஸோடு சுற்றுலா போகிறவர்களுக்கு 18-200ஐவிட இதையே சொல்வேன். ஆனால் வெளிச்சக் கணக்கில் அது கிட் லென்ஸின் அண்ணன்தான். நிக்கான் 16-80, எஃப் 2.8-4, எனக்கு மிகப் பொருத்தமானது. பழையதாகக்கூட என் பணத்துக்கு எட்டவில்லை. நிக்கான் கேமராவுக்கும் பொருந்தும் லென்ஸ்களைச் செய்யும் சிக்மா நிறுவனத்தின் 17-50, முழு ஜூமிலும் எஃப் 2.8 தருவது, 565 கிராம். திருமண மண்டபத்துக்குள் வேலை செய்கிறவர்கள் இதைத் தேடி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. சிக்மா 17-70, எஃப் 2.8-4, ஏறக்குறைய 470 கிராம். 17இல் எஃப் 2.8, 70இல் எஃப் 4. இதன் தனிச்சிறப்பு, 22 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்ய முடிவது. கல்வெட்டு எழுத்தையும், தூணில் விரல் அகலத்தில் இருக்கும் சிறு சிற்பத்தையும் தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமலே எடுக்கலாம் என்பதால் என் மனம் இதில் நின்றுவிட்டது. கண்ணாடியில்லாக் கேமரா, அதாவது மிரர்லெஸ் வைத்திருப்பவர்களின் நிலை இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது. சிக்மா 18-50 எஃப் 2.8 லென்ஸ் 290 கிராம்தான்; டாம்ரான் 17-70 எஃப் 2.8, 525 கிராம். முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்கு இப்படியொரு லென்ஸ் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் தங்கள் கேமராவோடு அது முழுமையாக ஒத்துழைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கேமராவின் லென்ஸ் மாட்டும் வாயில் பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸிலேயே மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். டாம்ரான் 17-50 எஃப் 2.8 மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். நிக்கானுக்கான அதன் முதல் பதிப்பில் மோட்டார் இல்லை, பின்னர் வந்ததில் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இதற்கு நேர்மாறாக, நிக்கானின் ஏ.எஃப்-பி வகை புது லென்ஸ்கள் டி90 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸ் ஆகவே மாட்டா. ஆகவே உங்கள் கேமராவை எடுத்துப் போகாமல் ஒரு பழைய லென்ஸுக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இராணிப்பேட்டையில் நெடுங்காலமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதால், தன் 17-70 லென்ஸைக் கொடுக்கப் போகிறார் என்று தெரியவந்தது. போன உடனேயே, "அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சோதிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாப் பாருங்க சார், பார்க்காம வாங்கிட்டுப் போய் அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றவர், தாமே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு பாடமே நடத்திவிட்டார். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால் உள்ளே அப்பெர்ச்சர் இதழ்கள் மூடிக்கொள்ளும். அந்த நிலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. பின்பக்கம் வளையத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு உலோக நெம்புகோலை நகத்தால் மெதுவாகத் தள்ளிப் பிடித்தார், இதழ்கள் விரிந்தன. முன்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்து, பின்பக்கம் வழியாகப் பார்க்கச் சொன்னார். ஒன்றிரண்டு தூசித் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னின. தூசியால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, நூல் நூலாகக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, அதைத் தொடவே கூடாது என்றார். நெம்புகோலை விட்டதும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினாலோ, இதழ்களின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலோ பழுது நெருங்குகிறது என்று பொருள். ஃபில்டர் திருகும் முன்வளையத்தில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்த லென்ஸ். இவற்றில் பலவற்றை நான் அதுவரை எங்கும் படித்ததில்லை.

பிறகு அவர் ஸ்டுடியோவின் பின்பக்கச் செங்கல் சுவரில் என் வழக்கமான சோதனையைச் செய்தேன். நான்கு மூலைகளும் ஒத்திருந்தன. இன்னொரு சோதனையும் இருக்கிறது: ஒரே பொருளை ஒருமுறை கண்பார்வைத் துளை வழியாகவும், ஒருமுறை பின்திரை வழியாகவும் ஃபோகஸ் செய்து எடுத்து ஒப்பிட வேண்டும். திரை வழியாக எடுத்தது மட்டும் கூர்மையாக இருந்தால், துளை வழி ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. விலை உயர்ந்த கேமராக்களில் இதைத் திருத்திக்கொள்ள அமைப்பு உண்டு. டி5600இல் அது இல்லை என்பதால் எனக்கு இந்தச் சோதனை மிக முக்கியமாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கவே, அசல் ரசீதோடும், ஹூட் எனப்படும் முன்மறைப்போடும் 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். வரிசை எண்ணை எழுதி, பதினைந்து நாட்களுக்குள் குறை தெரிந்தால் திரும்பப் பெறுவதாக அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அந்த ஒரே லென்ஸோடு போனேன். வைகாசி முதல் நாள் அந்தத் தெருக்களில் திரளும் கூட்டத்தில் பையைத் திறக்கவே இடமிருக்காது. கை உயர்த்தும் அளவுக்குத்தான் இடைவெளி. அம்மனின் தலையான சிரசு ஊர்வலமாக நெருங்கி வரும்போது 17இல் தெரு முழுவதும் அடங்கியது. தேங்காய் உடைப்பவர்களின் கைகளை 70இல் தனியாக எடுக்க முடிந்தது. வள்ளிமலையில் சமணச் சிற்பங்களின் கீழே இருக்கும் எழுத்துகளை நெருங்கி எடுத்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது: 22 செ.மீ. என்பது சென்சாரிலிருந்து அளப்பது, ஆகவே லென்ஸின் முகம் கல்லை ஏறக்குறையத் தொடும் தூரத்துக்கு வந்து, லென்ஸின் நிழலே எழுத்தின் மேல் விழுகிறது. ஹூட்டைக் கழற்றிவிட்டு, காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் விழும் நேரத்தில் எடுத்தால் எழுத்தும் குழிவாகத் தெரியும், நிழலும் விலகும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது பற்றியும் எங்கள் ஊருக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். மூடிய காருக்குள் அது இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் லென்ஸுக்குள் இருக்கும் மசகு இளகி இதழ்களில் படியும். ஆகவே காரில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் நேர்மாறானது. இரும்பு அலமாரியில் தோல் உறைக்குள் வைத்திருக்கும் லென்ஸில்தான் பூஞ்சை முதலில் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவி, இவ்வளவு போதும். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் மிதமான தீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். கண்ணாடியில் படிந்த புழுதியை முதலில் காற்றுக் குமிழால் ஊதிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும்; செம்மண்ணில் மணல் கலந்திருக்கும், அப்படியே துடைத்தால் கீறிவிடும்.

17-70 எனக்குச் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் மிகக் குறைந்த கருவறை முன்மண்டபத்தில் 70இல் எஃப் 4 போதவில்லை. அங்கே 35க்குள் நின்று, நெருங்கிப் போய்த்தான் எடுக்கிறேன். நீண்டு சுருங்கும் குழாய் இதிலும் உண்டு என்பதால், காளை விடும் விழாவுக்கு இதை எடுத்துப் போவதில்லை. அதற்கும் கோபுரச் சிற்பங்களுக்கும், எடை குறைந்த 70-300 லென்ஸ் ஒன்றைப் பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், நிக்கான் ஏ.எஃப்-பி வகையில் கைநடுக்கத் தடுப்பு உள்ளதும் இல்லாததும் என்று இரண்டு இருக்கின்றன. பெயரின் கடைசியில் வி.ஆர். என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மேல்விஷாரம் பக்கம் ஒருவர் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடும் கைபேசி விளக்கோடும் போய்ப் பார்க்க வேண்டும்.